லைன் வீட்டுக்குள் ஒரு பட்டறை: கையில் தூக்கிப்போகும் வேலைமேசை செய்வது எப்படி?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் லைன் வீடுகளில் குடியிருந்துகொண்டு கைவேலையில் ஆசை வைத்தவர்களுக்கு முதல் தடை இடம்தான். ஒரு ஹால், ஒரு சமையலறை, வாசலில் கொஞ்சம் சிமெண்டுத் தளம். பீரோவும் கட்டிலும் போட்ட பிறகு மேசை போட இடமிருக்காது. சுவரில் மடக்குப்பலகை மாட்டலாமென்றால் வீட்டுக்காரர் காலண்டருக்கு ஆணி அடிக்கவே சம்மதிக்க மாட்டார். ஆனாலும் பையனின் அறிவியல் கண்காட்சிக்கு ஒரு மோட்டார் மாதிரி, ஓடாத ரேடியோ, மரப்பொம்மை, கொலுவுக்கு ஒரு சின்ன மண்டபம் என்று செய்து பார்க்க ஏதாவது இருந்துகொண்டே இருக்கும்.

பெரும்பாலானவர்கள் மடக்குக்கால் வைத்த மேசையைத் தேடிப் போகிறார்கள். காலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. மெல்லிய மடக்குக்கால் ரம்பம் இழுக்கும்போது ஆடும். ஆடுகிற மேசையில் அறுப்பு நேராக வராது, உளி வழுக்கிக் கையில் ஏறும். வீட்டில் ஏற்கெனவே சாப்பாட்டு மேசை, சமையல் மேடை, தரை எல்லாம் அசையாமல் நிற்கின்றன. நாம் செய்ய வேண்டியது கனமான ஒரு மேல்பலகையும், வேலைத்துண்டை அசையாமல் பிடித்துக்கொள்ள வழியும்தான். பிடிமானம் சரியாக அமைந்துவிட்டால் ஒன்றரை அடி அகலமே தாராளம்.

இங்கே சொல்லப்போகிற மேசை மூன்று உருப்படி: 30 அங்குல நீளம், 18 அங்குல அகலமுள்ள ஒரு மேல்பலகை, அதைத் தாங்க இரண்டு பெட்டிகள். பெட்டிகள்தான் கால், அவைதான் கருவி வைக்கும் இடமும். பெட்டியின் உயரம் 8 அங்குலம், மேல்பலகையின் கனம் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். தரையில் வைத்தால் ஒன்பதரை அங்குலம் வரும், சம்மணமிட்டு உட்கார்ந்து வேலை செய்யத் தோதான உயரம். நம்மூர்த் தச்சர்கள் காலங்காலமாகத் தரையில் உட்கார்ந்துதான் கதவும் கட்டிலும் இழைத்திருக்கிறார்கள், ஆகவே இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். 30 அங்குலச் சாப்பாட்டு மேசைமேல் பெட்டியோடு வைத்தால் நாற்பது அங்குலத்தை ஒட்டி வரும், நின்றுகொண்டு சால்டரிங் செய்யவும் நுணுக்கமாகச் செதுக்கவும் கண்ணுக்குப் பக்கமாக இருக்கும். அறுக்கவும் இழைக்கவும் பெட்டிகளை எடுத்துவிட்டு மேல்பலகையை மட்டும் அதே மேசையில் வையுங்கள். அப்போதுதான் உடம்பின் எடையைக் கையில் இறக்க முடியும்.

பலகை வாங்குவது

முழு ஷீட் வாங்க வேண்டியதில்லை. இரண்டு கனத்திலும் 8 அடிக்கு 4 அடி ஷீட்டில் மூன்றில் ஒரு பங்குக்குள்தான் நமக்குத் தேவை. மாடுலர் கிச்சன் செய்கிற பட்டறைகளிலும் பிளைவுட் கடைகளிலும் மிச்சத் துண்டுகள் சுவரோரம் சாய்ந்து கிடக்கும். 18 மி.மீ. கனத்தில் 3 அடியைவிட இரண்டு நூலாவது கூடுதலான நீளம், 3 அடி அகலத்தில் ஒரு துண்டு, 12 மி.மீ. கனத்தில் 4 அடிக்கு இரண்டரை அடி ஒரு துண்டு கிடைத்தால் வேலை முடிந்தது.

துண்டை வாங்குமுன் பக்கவாட்டு விளிம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் உள்ளேயும் அப்படித்தான் இருக்கும். அந்த இடத்தில் ஸ்க்ரூ பிடிக்காது. விரல் மூட்டால் தட்டிக்கொண்டே போனால் பொள்ளலான இடத்தில் சத்தம் மாறும். ஷீட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் எண்ணைப் படியுங்கள். ஐ.எஸ். 303 என்பது பொது உபயோக பிளைவுட். அதிலேயே எம்.ஆர். ரகம் ஈரக்காற்றைத் தாங்கும், பி.டபிள்யூ.ஆர். ரகம் தண்ணீர் பட்டாலும் சீக்கிரம் பிரியாது. சமையல் மேடையிலும் வாசலிலும் புழங்கப்போகிற பலகை என்பதால் பி.டபிள்யூ.ஆர். நல்லது. ஐ.எஸ். 710 என்கிற மெரைன் பிளைவுட் இந்த வேலைக்கு அதிகப்படி. நம் விவசாயிகள் தோட்டத்தில் வளர்க்கிற மலைவேம்பு பிளைவுட் ஆலைகளுக்கும் போகிறது. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி பல வருடங்களாக அந்த மரத்தைப் பரப்பி வருகிறது. நீங்கள் வாங்கும் துண்டின் உள்ளடுக்கு பக்கத்து ஊர்த் தோட்டத்தில் வளர்ந்ததாகக்கூட இருக்கலாம்.

அறுப்பைக் கடையிலேயே முடித்துக்கொள்வது உத்தமம். 18 மி.மீ. துண்டில் 30-க்கு 18 அங்குலமாக இரண்டு. 12 மி.மீ. துண்டை 7 அங்குல அகலத்தில் நீளவாக்கில் நான்கு பட்டையாகக் கிழித்தால் போதும். பெட்டிக்கான எல்லாப் பாகமும் அந்தப் பட்டைகளில் அடங்கும்படிதான் அளவு போட்டிருக்கிறேன்.

"அண்ணா, ஏழு இஞ்சுப் பட்டையா நாலு இழுத்துக் குடுங்க."

"நீளம் அப்படியே இருக்கட்டுங்களா, வெட்டணுங்களா?"

"நீளம் அப்படியே இருக்கட்டுங்க. நானே வெட்டிக்கறேனுங்."

மெஷினில் கிழித்த பட்டைகள் ஒரே அகலமாக இருக்கும். கையால் நீளவாக்கில் நேராக அறுப்பது புதியவர்களுக்குக் கஷ்டம். குறுக்கே வெட்டுவது அவ்வளவு சிரமமில்லை, அதை வீட்டில் பழகிக்கொள்ளலாம். கடைக்காரர் நூல் கணக்கில் பேசினால் குழம்ப வேண்டாம், அங்குலத்துக்கு 8 நூல். ஒவ்வொரு அறுப்புக்கும் பிளேடு ஏறக்குறைய ஒரு நூல் தின்னும், அதற்கும் இடம் விட்டுக் குறியுங்கள்.

கொஞ்சம் ரீப்பர் கட்டையும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து மெஷின் இறங்குகிற மில்களிலும் பனியன் கம்பெனிகளிலும் பைன் மரப் பேக்கிங் கட்டைகள் கழிவாக விழும், கேட்டால் தருவார்கள். அதில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை குத்தியிருக்கும். ஹெச்.டி. (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, தாராளமாக எடுக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

மேல்பலகை

இரண்டு 18 மி.மீ. பலகைகளையும் ஒட்டி ஒன்றாக்கப் போகிறோம். பசை டப்பாவைத் திறப்பதற்கு முன்பே, வேலைத்துண்டைப் பிடிக்கும் முளைகள் (துளையில் செருகும் உருட்டுக்கட்டைகள்) இறங்கப்போகும் துளைகளின் இடத்தைக் குறித்துவிட வேண்டும். முன்விளிம்பிலிருந்து 3 அங்குலத்தில் ஒரு கோடு, பின்விளிம்பிலிருந்து 3 அங்குலத்தில் இன்னொன்று. ஒவ்வொரு கோட்டிலும் இடது ஓரத்திலிருந்து 3, 7, 11, 15, 19, 23, 27 அங்குலத்தில் ஒரு புள்ளி. மொத்தம் 14 துளை. அடிப்பலகையின் கீழ்முகத்திலும் இதே புள்ளிகளைப் போடுங்கள். ஒட்டும்போது கீழிருந்து ஸ்க்ரூ முடுக்குவோம், ஸ்க்ரூ துளைக்கான இடத்தில் உட்கார்ந்துவிட்டால் பின்னால் ட்ரில் பிட் உடையும்.

வெள்ளைப் பசையை ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையால் முழுப்பரப்பிலும் மெல்லிசாக இழுத்துவிடுங்கள். நடுவில் கொட்டி அழுத்தினால் ஓரம் ஒட்டாது. இரண்டையும் சேர்த்துக் கீழிருந்து 30 மி.மீ. ஸ்க்ரூ ஒரு டஜன் முடுக்குங்கள். மொத்தக் கனம் 36 மி.மீ. என்பதால் நுனி மேலே எட்டிப் பார்க்காது. சமதரையில் வைத்து, தண்ணீர் நிரப்பிய குடம் நாலைந்தை மேலே பரப்பி ஒரு நாள் விட்டுவிடுங்கள். தரை கோணலாக இருந்தால் பலகையும் கோணலாகத்தான் ஒட்டும், ஆகவே ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகு படுக்க வையுங்கள். காய்ந்த பலகை எட்டு கிலோவை ஒட்டி இருக்கும்.

அடுத்து துளை. முக்கால் அங்குல பிளாட் பிட்டால் மேலிருந்து ஆரம்பியுங்கள். பிட்டின் ஊசிமுனை அடியில் தெரிந்தவுடன் நிறுத்தி, பலகையைத் திருப்பி, அந்த ஊசித்துளையில் முனையை வைத்துக் கீழிருந்து முடியுங்கள். ஒரே பக்கமாகத் துளைத்தால் அடிப்பக்கம் சிம்பு சிம்பாகப் பிய்ந்துவிடும். ட்ரில் மெஷினைச் செங்குத்தாகப் பிடிக்க, பக்கத்தில் ஒரு மூலைமட்டத்தை நிறுத்தி வைத்து அதைப் பார்த்தபடி இறக்குங்கள்.

அடியில், முன்விளிம்போடு ஒட்டி, நடுவாக, ஒன்றரைக்கு ஒரு அங்குல ரீப்பர் 15 அங்குல நீளத்துக்குப் பசை போட்டு இரண்டரை அங்குல ஸ்க்ரூவால் இறுக்குங்கள். ஒன்றரை அங்குலம் கீழ்நோக்கித் தொங்கட்டும். மேல்பலகையைச் சாப்பாட்டு மேசையில் வைத்து இழைப்புளியைத் தள்ளும்போது இந்தக் கட்டை மேசை விளிம்பில் முட்டி நிற்கும், பலகை நகராது. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு சி-கிளாம்ப் (சி வடிவத் திருகுப்பிடி) போட்டால் இன்னும் கெட்டி. பெட்டிகளின்மேல் வைக்கும்போது கட்டை இரண்டு பெட்டிக்கும் நடுவில் தொங்கும், இடிக்காது.

பின்விளிம்பில் நடுவாக நாலரை அங்குல நீளம், ஒன்றேகால் அங்குல அகலத்துக்கு ஒரு கைப்பிடித் துளை வெட்டிக்கொள்ளுங்கள். பின்வரிசைத் துளைகளுக்கும் விளிம்புக்கும் நடுவில் அது அடங்கும். பெட்டி தூக்குவதுபோல் ஒரே கையில் தூக்கி மாடிப்படி ஏறலாம்.

பெட்டிகள்

ஒரு பெட்டிக்கு, 7 அங்குலப் பட்டையிலிருந்து: அடிப்பலகை 18 அங்குலம், மூடிப்பலகை 16, முன்பின் அடைப்பு 7 அங்குலத்தில் இரண்டு, நீளச்சுவர் 15, கதவு பதினாலே முக்கால். கதவின் அகலத்தை மட்டும் இரண்டு நூல் இழைத்துக் குறையுங்கள். அடைப்புகளும் சுவரும் மூடிப்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் நிற்கின்றன. அடிப்பலகை முன்பக்கம் 2 அங்குலம் நீண்டிருக்கும், அந்த நாக்கில்தான் மேசையோடு சேர்த்து சி-கிளாம்ப் போடுவோம். தரையில் உட்கார்ந்து வேலை செய்யும்போது அதே நாக்கைக் காலால் அழுத்திக்கொள்ளலாம்.

12 மி.மீ. பிளைவுட்டின் விளிம்பில் நேரடியாக ஸ்க்ரூ ஏற்றினால் அடுக்கு பிரியும். முதலில் 2.5 மி.மீ. பிட்டால் துளைத்து, பசை வைத்து, ஒன்றரை அங்குலக் கறுப்பு ஸ்க்ரூவை ஏற்றுங்கள். இறுக்கி முடிக்குமுன் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பெட்டியின் மூலைகள் செங்கோணம். கதவு வெளிப்பக்கம் பார்த்தபடி இருக்கட்டும், அடிவிளிம்பில் இரண்டு சின்னக் கீல், மேலே ஒரு தாழ். மேல்பலகை ஏறியிருக்கும்போதும் பக்கவாட்டில் கையை விட்டு உளியோ ஸ்க்ரூடிரைவரோ எடுக்கலாம்.

பெட்டிகளைத் தலைகீழாக்காமல் இரு ஓரத்திலும் வைத்து, பின்விளிம்பைச் சமமாக்கி, மேல்பலகையின் கடைசித் துளைகள் வழியாகவே பெட்டியின் மூடிப்பலகையிலும் துளையுங்கள். இரண்டிலும் சேர்த்து ஒரு முளையை இறக்கினால் மேல்பலகை பூட்டிக்கொள்ளும். அடியில் ஒட்டுவதற்குப் பஞ்சர் கடையில் பழைய டியூப் ரப்பர் கேட்டு வாங்குங்கள். வழுக்காது, சத்தமும் குறையும், பக்கத்து வீட்டோடு சுவர் பொதுவாக இருக்கும் இடத்தில் இது மிக முக்கியம்.

ஆப்பும் முளையும்

மேசையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாமல் செய்யுங்கள்.

முளை என்பது முக்கால் அங்குல உருட்டுக்கட்டை. வேம்பு, பூவரசு, தேக்கு எதுவானாலும் சரி. மரக் கடைசல் பட்டறையில் உங்கள் பலகையில் துளைத்த அதே பிட்டால் போட்ட ஒரு மாதிரித் துளையைக் காட்டி, அதற்குப் பொருந்துமாறு ஒரு முழத்துக்குக் கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் அளவு சொன்னால் ஒரு நூல் கூடும் அல்லது குறையும். கோவையில் மரக் கடைசல் அகப்படாவிட்டால் லேத் பட்டறைக்கு எந்தத் தெருவிலும் பஞ்சமில்லை, நைலான் ராடில் கடைந்து வாங்கலாம்.

மிச்சமான 12 மி.மீ. பட்டையில் 10 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் 8 அங்குல இடைவெளியில் இரண்டு முளை. துளைகள் 4 அங்குலத்துக்கு ஒன்று என்பதால் நீளவாக்கில் எங்கும் பொருந்தும். ஒரு துண்டின் விளிம்பு நேராக இருக்கட்டும். இன்னொன்றின் உள்விளிம்பைச் சரிவாக வெட்டுங்கள்: 8 அங்குல நீளத்துக்கு 1 அங்குலச் சரிவு. அதே சரிவில் ஒரு ஆப்பும் செய்யுங்கள், ரீப்பர் கட்டை போதும்.

நேர்த்துண்டைப் பின்வரிசையில் செருகுங்கள், சரிவுத்துண்டை முன்வரிசையில். வேலைத்துண்டை நேர்த்துண்டோடு சேர்த்து வைத்து, மிச்ச இடைவெளியைக் கட்டைத் துண்டுகளால் நிரப்பி, ஆப்பைச் சரிவோடு சேர்த்து மெல்லத் தட்டுங்கள். மரச்சுத்தியால் இரண்டு தட்டு போதும். தட்டும்போது முதலில் டொக் டொக் என்று கேட்கும். இறுகியவுடன் சத்தம் கட்டையாக மாறும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். மேலும் அடித்தால் மெல்லிய பலகை நடுவில் வளையும். எடுக்க, ஆப்பின் ஒல்லியான முனையில் ஒரு தட்டு. சரிவை இதைவிடச் செங்குத்தாக்கினால் அறுக்கிற அதிர்ச்சியில் ஆப்பு பின்வாங்கும், இன்னும் குறைத்தால் இறுகியது கழலாது. பிடிக்கிற துண்டுகள் வேலைத்துண்டைவிடத் தாழ்வாக இருப்பதால் இழைப்புளி தடங்கலில்லாமல் ஓடும். திருகிப் பிடிக்கிற வைஸுக்குக் காசு போடாமலே தொடங்கிவிடலாம்.

கோணல்மாணலான பொம்மைத் தலை போன்றவற்றைப் பிடிக்க ஆப்பு உதவாது. அதற்கு இரண்டு துளை வழியாக ஒரு கயிற்றை இறக்கி, கீழே தொங்கும் வளையத்தில் காலை வைத்து அழுத்துங்கள். பலகை விளிம்பு வெளியே நீண்டிருக்கும்படி மேசையில் வைத்தால்தான் கயிறு கீழே இறங்கும். காலை எடுத்தால் கழலும், வைத்தால் இறுகும். திருப்பித் திருப்பிச் செதுக்குகிற வேலைக்கு இதைவிட வேகமானது கிடையாது.

உலோக வேலை செய்பவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன பெஞ்ச் வைஸ் அவசியம், 3 அங்குலம் போதும். கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடலாம். வாயைப் பாதி திறந்து முன்தாடையை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அதிகம் ஆடினால், அல்லது திருகும்போது நடுவில் கைப்பிடி சும்மா சுற்றினால், வேண்டாம். வைஸை ஒரு தடித்த கட்டையில் பொருத்தி, அந்தக் கட்டையை ஓரத்துத் துளைகளில் அரை அங்குலப் போல்ட்டால் பெரிய வாஷர் வைத்துப் பெட்டியோடு சேர்த்து இறுக்குங்கள். நட்டைப் பெட்டிக் கதவு வழியாகவே முடுக்கலாம். எடை நேராகப் பெட்டிமேல் இறங்குவதால் அரம் போடும்போது பலகை துள்ளாது.

மின்சாரம், சூடு, எண்ணெய்

500 வாட் ட்ரில் மெஷின் 230 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியருக்குள்தான் இழுக்கும், வீட்டின் 6 ஆம்பியர் பிளக் தாங்கும். மூன்று பின் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியே வாங்குங்கள். அதே பெட்டியில் இஸ்திரிப் பெட்டியையோ கிரைண்டரையோ சேர்த்து மாட்ட வேண்டாம். சால்டரிங்குக்கு வீடு கட்டுகிற இடத்தில் மிச்சமான ஒரு அடி டைல்ஸ் ஒன்றைப் பலகைமேல் வைத்துக்கொண்டால் கருகாது. 60/40 சால்டர் கம்பியில் பத்தில் நாலு பங்கு காரீயம், ஆகவே வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாட்டுப் பக்கம் போக வேண்டும். சாப்பாட்டு மேசையிலேயே செய்தால் அடியில் ஒரு பழைய விரிப்பைப் போட்டு, முடிந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள்.

மேல்பலகைக்கு வார்னிஷ் வேண்டாம், வழுக்கும். வீட்டில் செக்கெண்ணெய் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெயோ கடலையெண்ணெயோ தடவவும் வேண்டாம். அவை காயாது, தூசியைப் பிடித்துப் பிசுபிசுக்கும். ஹார்டுவேர் கடையில் காய்ச்சிய லின்சீட் ஆயில் கிடைக்கும், அதை டர்பன்டைனில் பாதிக்குப் பாதி கலந்து இரண்டு பூச்சு, விளிம்புகளுக்கு மூன்று. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருண்ட துணி தானாகவே பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வைத்து அப்புறம் எறியுங்கள்.

எங்கே, எப்போது

வாசலில் வேலை செய்பவர்கள் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், பல்லடம் வரை ஆளையே தள்ளும். மரத்தூள் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்கிற துணியில்தான் போய் உட்காரும். அந்த மாதங்களில் இழைப்பு வேலையை விடியற்காலையில் காற்று எழும்புமுன் வைத்துக்கொள்ளுங்கள், பெயின்ட் வேலையை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள் தேய்க்கும்போது எந்த மாதமானாலும் முகக்கவசம் வேண்டும். சுத்தியல், ட்ரில் சத்தம் இரவு எட்டு மணிக்கு மேல் கூடாது. ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவர் பக்கத்தில் இருந்தால் அவரிடம் நேரம் கேட்டுக்கொள்வது மரியாதை.

வேலை முடிந்தால் மேல்பலகையைப் பீரோவுக்குப் பின்னால் நிறுத்தலாம், பெட்டிகள் கட்டிலுக்கடியில் போகும். தரையில் நேராக வைக்காமல் இரண்டு ஓட்டுத்துண்டின்மேல் வையுங்கள். ஐப்பசி மழையில் சிமெண்டுத் தரை கசியும், கரையானும் தரையிலிருந்துதான் ஏறும். மாதம் ஒருமுறை அடிவிளிம்பை விரலால் தடவி, மண்கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.

முதல் வேலையாக இன்னும் நாலு ஆப்பு செய்துகொள்ளுங்கள், இரண்டு தடித்தது, இரண்டு மெல்லியது. ஒவ்வொன்றையும் ரம்பத்தால் அறுத்து, உளியால் சரிவு இழுத்து, மேசையிலேயே இறுக்கிப் பாருங்கள். எந்த ஆப்பு வழுக்குகிறதோ அதன் முகத்தை இழைப்புளியால் ஒருமுறை இழைத்தால் பிடிக்கும்.